டெஸ்டர் எரிகிறது, எரியவில்லை: வீட்டுக் கரண்ட் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

ஸ்க்ரூ, பழைய சாவி, பேன் ரெகுலேட்டர் குமிழ் எல்லாம் கிடக்கும் டப்பாவில் ஒரு டெஸ்டரும் கிடக்கும். பிளக் வேலை செய்யவில்லை என்றால் முதலில் தேடுவது அதைத்தான். விலை மிகக் குறைவு, கற்றுக்கொள்ளவும் ஒன்றும் இல்லை என்று நினைக்கிறோம். அதனால்தான் அதைப் பற்றி யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

எனக்குத் தெரிந்ததில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெஸ்டர் எரிந்தால் அங்கே கரண்ட் இருக்கிறது. எரியவில்லை என்றால் கரண்ட் இல்லை என்று அர்த்தம் கிடையாது. இந்த இரண்டாவது வரியை மறந்து ஒயரைக் கையால் பிடித்தவர்கள்தான் அடிபடுகிறார்கள். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு அறிகுறியிலும் இது ஏதோ ஒரு வகையில் திரும்ப வரும்.

டெஸ்டருக்குள் முனைக் கம்பியை ஒட்டி, கரண்டைக் குறைத்து விடும் ஒரு ரெசிஸ்டர், அதன் பின்னால் சின்ன நியான் விளக்கு, ஒரு ஸ்பிரிங், கடைசியில் நாம் விரல் வைக்கும் உலோக மூடி. ரெசிஸ்டர் சுமார் பத்து லட்சம் ஓம் அளவில் இருக்கும். நம் வீட்டு 230 வோல்ட் அதன் வழியாக வந்தால் கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவான கரண்ட்தான் ஓடும். அது நம் உடம்பு வழியாகவே தரைக்குப் போகிறது. ஏறக்குறைய ஒரு மில்லி ஆம்பியர் வந்தால்தான் நமக்கு உறைக்கும் என்பதால் ஒன்றும் தெரிவதில்லை. ஆக, டெஸ்டர் பிடிக்கும்போது நீங்களும் அந்தச் சர்க்யூட்டில் ஒரு பகுதி. உங்களுக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு ரெசிஸ்டர் மட்டும்தான். கைப்பிடி விரிசல் விட்டிருந்தாலோ, உள்ளே ஈரம் இறங்கியிருந்தாலோ, யாராவது பிரித்து மாட்டும்போது ரெசிஸ்டரைத் தொலைத்திருந்தாலோ அந்த டெஸ்டரைத் தூக்கிப் போடுங்கள். இறுகிய ஸ்க்ரூவைத் திருகவும் பெயின்ட் டப்பா மூடியை நெம்பவும் டெஸ்டரை எடுக்காதீர்கள். கைப்பிடி விரிசல் விடுவது பெரும்பாலும் அப்படித்தான்.

பிடிக்கும் முறை இதுதான். கை உலர்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும். ஒரு கையால் பிளாஸ்டிக் கைப்பிடியை மட்டும் பிடித்து, ஒரு விரலைப் பின்மூடியில் வையுங்கள். முனைக் கம்பியில் விரல் படவே கூடாது. முனைக்கு மேல் பிளாஸ்டிக் உறை போட்ட டெஸ்டராகப் பார்த்து வாங்குவது நல்லது. இன்னொரு கை குழாயிலோ பீரோவிலோ ஈரச் சுவரிலோ ஊன்றியிருக்கக் கூடாது.

எங்கே வைத்தாலும் டெஸ்டர் எரியவில்லை

கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் முதலில் வைத்துப் பாருங்கள். பேனோ டிவியோ ஓடிக்கொண்டிருக்கும் பிளக் பாயிண்ட் போதும். அங்கும் எரியவில்லை என்றால் விரல் மூடியில் சரியாகப் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பட்டிருந்தும் எரியாவிட்டால் டெஸ்டர்தான் போயிருக்கிறது.

அங்கே மங்கலாக எரிந்தால் காரணம் உங்கள் காலடியில் இருக்கலாம். கனமான ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் நின்றால் தரைக்குப் போகும் கரண்ட் இன்னும் குறைந்துவிடும், நியான் லேசாகத்தான் மினுங்கும். ஜன்னல் வெளிச்சத்தில் அதுவும் கண்ணுக்குத் தெரியாது. இதற்காகச் செருப்பைக் கழற்றாதீர்கள். இன்னொரு கையை டெஸ்டருக்கு மேல் குடை மாதிரி பிடித்து நிழலில் பாருங்கள், தெரிந்துவிடும்.

சோதிக்க வேண்டிய இடத்தில் பார்த்த பிறகு, மறுபடி அந்தத் தெரிந்த இடத்தில் ஒருமுறை வைத்துப் பாருங்கள். முதலில் நல்ல இடம், அப்புறம் சந்தேகப்படும் இடம், கடைசியில் மீண்டும் நல்ல இடம். நடுவில் விளக்கு செத்துப்போயிருந்தால் இப்படித்தான் பிடிபடும். அரை நிமிட வேலை.

ஒரு பிளக் பாயிண்டில் மட்டும் எரியவில்லை

சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் பாதி நேரம் இதுதான். மூன்று ஓட்டையில் மேலே இருக்கும் பெரியது எர்த், அதாவது கசியும் கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகும் வழி. முறைப்படி வயரிங் செய்த வீட்டில், நமக்கு எதிரே பார்க்கும்போது வலது ஓட்டை ஃபேஸ் (கரண்ட் வரும் வழி), இடது நியூட்ரல் (அது திரும்பிப் போகும் வழி). வலதில்தான் எரிய வேண்டும்.

புது மாடல் சாக்கெட்டுகளில் இன்னொரு விஷயம் உண்டு. ஓட்டைகளுக்குள் குழந்தைப் பாதுகாப்புக்காக ஒரு மூடி இருக்கும். எர்த் பின் உள்ளே போனால்தான் அது விலகும். வலது ஓட்டையில் டெஸ்டரை வைத்தால் முனை அந்தப் பிளாஸ்டிக்கில் முட்டி நின்றுவிடும், எரியாது. கரண்ட் இல்லை என்று முடிவு கட்டிச் சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே முழு 230 வோல்ட் காத்திருக்கும். சிலர் எர்த் ஓட்டையில் இன்னொரு ஸ்க்ரூ டிரைவரைச் செருகி மூடியைத் திறந்துகொண்டு சோதிக்கிறார்கள். அந்த எர்த் நல்ல எர்த்தாக இருக்கும் என்று யார் உறுதி தந்தது? வேறு இடத்தில் எரிந்த ஒரு நைட் லாம்பையோ டேபிள் லாம்பையோ இங்கே செருகிப் பாருங்கள். அது எரியவில்லை என்றால் கோளாறு இருக்கிறது, அவ்வளவுதான் இப்போதைக்கு நமக்குத் தெரிய வேண்டியது.

அடுத்து டிபி பாக்ஸில், அதாவது வீட்டு லைன்கள் பிரியும் பெட்டியில், எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) கீழே விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அந்த லைனில் இருக்கும் பிளக்கையெல்லாம் உருவிவிட்டு ஒருமுறை மேலே தூக்குங்கள். மறுபடி விழுந்தால் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்பத் தூக்குவதும், பழைய பியூஸ் கேரியரில் தடித்த கம்பியைச் சுற்றுவதும் சுவருக்குள் நெருப்பு வைக்கிற வேலை.

டெஸ்டர் நன்றாக எரிகிறது, ஆனால் லைட்டோ பேனோ ஓடவில்லை

ஃபேஸ் வந்தால் மட்டும் போதாது, திரும்பிப் போக நியூட்ரல் வேண்டும். டெஸ்டர் காட்டுவது ஃபேஸை மட்டும். ஒரு மோட்டார் ஓடாமல் நின்றபோது, டெஸ்டர் எரிகிறதே என்று மோட்டாரையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் நியூட்ரல் ஒயர் கழன்று கிடந்தது.

நியூட்ரல் அறுந்திருக்கிறதா என்று டெஸ்டராலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. அதே லைனில் ஒரு குண்டு பல்பையோ பேனையோ சுவிட்ச் போட்டு வையுங்கள். இப்போது பிளக் பாயிண்டின் இடது ஓட்டையில் டெஸ்டரை வையுங்கள். சாதாரணமாக எரியக் கூடாது. வலதிலும் இடதிலும் எரிந்தால் நியூட்ரல் எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. ஃபேஸ் அந்த பல்பின் இழை வழியாக அந்தப் பக்கம் போய், அறுந்த இடம் வரைக்கும் வந்து நிற்கிறது. அந்த லைனில் இருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் இடது ஓட்டையில் எரிவது நின்றுவிடும். சுவிட்ச் போட்டால் இரண்டிலும் எரிந்து, அணைத்தால் ஒன்றில் மட்டும் எரிந்தால் இந்த நோய்தான். அந்த நேரத்தில் கறுப்பு ஒயர் என்றோ, புது வயரிங்கில் நீல ஒயர் என்றோ நம்பித் தொட்டால் அது உங்களைச் சும்மா விடாது.

வீடு முழுக்க எல்லா பிளக்கிலும் இரண்டு பக்கமும் எரிந்தால் மெயினில் நியூட்ரல் போயிருக்கிறது, அல்லது கம்பத்திலேயே போயிருக்கிறது. இதோடு சில லைட் வழக்கத்தைவிடப் பளிச்சென்றும் சில மங்கலாகவும் எரிந்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். மூன்று ஃபேஸ் லைனில் பொது நியூட்ரல் விட்டுப்போனால் வீட்டுக்குள் வோல்டேஜ் 230ஐத் தாண்டி 400 வரை நெருங்கிப் போகலாம். டிவி, பிரிட்ஜ் போர்டு எல்லாம் வரிசையாகக் கருகுவது அப்படித்தான். தெருவில் பக்கத்து வீட்டிலும் இதே கதை என்றால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. தமிழ்நாட்டில் இருப்பவர்கள் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987க்குச் சொல்லுங்கள். மீட்டருக்கு முன்னால் இருக்கும் சீல் வைத்த பியூஸில் நாமாகக் கை வைக்கக் கூடாது.

இடது ஓட்டையில் எரியவில்லை, இருந்தும் சாதனம் ஓடவில்லை என்றால் லூஸ் கனெக்ஷனாக இருக்கலாம். டெஸ்டர் கேட்கும் கரண்ட் மிகக் கொஞ்சம். கரிந்துபோன சுவிட்ச் வழியாகக்கூட அது வந்துசேர்ந்துவிடும். ஒரு பேன் அதைப்போல ஆயிரம் மடங்குக்கு மேல் கேட்கும், அது வராது. சாக்கெட்டில் கரிந்த வாடையோ பழுப்பு நிறமோ, தொட்டால் சூடோ தெரிந்தால் அந்தப் பாயிண்டை அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் எரிகிறது

முழு வெளிச்சத்தில் எரிந்தால், சுவிட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் போடப்பட்டிருக்கிறது. லைட் அணையும், ஆனால் ஹோல்டரில் ஃபேஸ் இருந்துகொண்டே இருக்கும். அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஸ்டூல் மேல் ஏறி பல்பு மாற்றுபவரின் விரல் ஹோல்டர் பின்னில் படும். ஷாக்கில் தப்பினாலும் ஸ்டூலில் இருந்து விழுந்து எலும்பு முறியலாம். பிளக் பாயிண்டில் வலதுக்குப் பதிலாக இடதில் எரிவதும் இதற்குப் பங்காளிதான். வயரிங் செய்தவர் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போட்டிருக்கிறார். சாதனம் ஓடும், யாருக்கும் தெரியாது. ஆனால் சுவிட்சை அணைத்தாலும் அதன் உள்ளே ஃபேஸ் நிற்கும். எலக்ட்ரீஷியனுக்கு இது சின்ன வேலை, தள்ளிப்போடாதீர்கள்.

மிக மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஒரே பைப்பில் கூடவே ஓடும் ஃபேஸ் ஒயரின் தூண்டலால் அணைந்த ஒயரிலும் கொஞ்சம் வோல்டேஜ் தெரியும். சுவிட்சில் சிவப்பு இண்டிகேட்டர் இருந்தாலும் அதன் வழியாகக் கொஞ்சம் கசியும். எல்இடி பல்பு ராத்திரியில் லேசாக மினுக்குவதும் இதனால்தான். அந்த ஹோல்டரில் ஒரு குண்டு பல்பை மாட்டினால் தூண்டலால் வந்தது காணாமல் போய்விடும். ஆனாலும் மங்கல்தானே என்று ஒயரைத் தொடாதீர்கள். செருப்பு போட்டு நிற்பதால் முழு ஃபேஸே மங்கலாகத் தெரிந்திருக்கலாம் அல்லவா?

பிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் உடம்பில் எரிகிறது

எங்கள் வீட்டு கிரைண்டரைத் தொட்டால் சுருக்கென்று எறும்பு கடித்த மாதிரி இருக்கும். அம்மா அதற்காக மணைப்பலகை போட்டு நின்று மாவு தள்ளுவார். "பலகை மேல நின்னா ஒண்ணும் பண்ணாதுடா" என்பார். பல வருடம் அப்படியே ஓடியது. இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. கை நிறைய மாவு, ஈரத் தரை, நடுவில் ஒரு பலகை.

தொட்டுப் பார்க்காதீர்கள், டெஸ்டரால் பாருங்கள். பெயின்ட் மேல் வைத்தால் எரியாது. ஸ்க்ரூ தலை, கீல் மாதிரி வெறும் உலோகம் தெரியும் இடத்தில் வையுங்கள். எரிந்தால் சுவிட்சை அணைத்து பிளக்கை உருவிவிடுங்கள், அதன் பிறகுதான் யோசனை.

வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் போன்றவற்றில் மின் இரைச்சலை வடிகட்ட ஃபேஸில் இருந்தும் நியூட்ரலில் இருந்தும் உடம்புக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உடம்பு பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் அருகில் தொங்கிக்கொண்டிருக்கும். டெஸ்டர் எரியும், தொட்டால் ஜிவ்வென்று இருக்கும். மெஷினில் கோளாறு இல்லை, உங்கள் எர்த்தில்தான் கோளாறு. எர்த் சரியாக இருக்கும் இன்னொரு பாயிண்டில் மாட்டிப் பார்த்தால் எரிவது நின்றுவிடும்.

இன்னொரு வகை நிஜக் கசிவு. மோட்டார் சுற்றுக் கம்பியோ கீசரின் ஹீட்டர் சுருளோ இன்சுலேஷன் போய் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். டெஸ்டர் பளிச்சென்று எரியும். எர்த்தும் ஆர்சிசிபியும் (கசிவு வந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒழுங்காக இருக்கும் வீட்டில் இது டெஸ்டர் வரைக்கும் வராது, அதற்கு முன்பே டிரிப் ஆகிவிடும். வீட்டு ஆர்சிசிபி 30 மில்லி ஆம்பியரில் விழும்படி இருக்க வேண்டும். அதன் மேல் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள். ஒரு சாதனத்தைப் போட்டவுடன் அது விழுகிறது என்றால் சாதனத்தை ரிப்பேருக்கு அனுப்புங்கள். ஆர்சிசிபியைத் தாண்டி ஒயரை நேராக இழுத்துக்கொடுக்கும் ஆளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இதே அக்கறையோடு இன்னொன்றையும் சொல்கிறேன். எர்த் ஒயர் வராத பழைய வீடுகளில், சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுகிறார்கள். உடம்பில் டெஸ்டர் எரிவது உடனே நின்றுவிடும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. ஆனால் என்றாவது நியூட்ரல் அறுந்தால், மேலே சொன்ன மாதிரி ஃபேஸ் சுற்றிக்கொண்டு நியூட்ரலுக்கு வரும், அங்கிருந்து அந்தத் துண்டு ஒயர் வழியாக நேராக பிரிட்ஜ் கதவுக்கு வரும். முழு 230 வோல்ட். உங்கள் வீட்டில் இப்படி இருக்கிறதா என்று அடுத்த முறை எலக்ட்ரீஷியன் வரும்போது கட்டாயம் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டுவதும் இதே ரகம்.

எங்கள் கிரைண்டரில் கடைசியில் தெரிந்தது, எர்த் குழியில் கிளாம்பு துருப்பிடித்து ஒயர் விட்டுப்போயிருந்தது. சுத்தம் செய்து இறுக்கி, குழியில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினார் எலக்ட்ரீஷியன். கோடையில் அந்தக் குழி காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். மணைப்பலகை மறுபடி பூஜை அறைக்குப் போனது.

வாளியில் போடும் ஹீட்டர் ராடுக்கு மட்டும் டெஸ்டர் வேண்டாம். தண்ணீரில் முனையை விட்டுப் பார்ப்பது தவறு. சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, ராடை வெளியே எடுத்த பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். சூடு பார்க்க விரல் விடும் அவசரத்தில் போன உயிர்கள் உண்டு.

எர்த் ஓட்டையில் எரிகிறது

இருப்பதிலேயே மோசமான அறிகுறி இது. வீட்டில் எங்கோ ஒரு சாதனம் எர்த்துக்குக் கசிகிறது, எர்த் ஒயர் தரையோடு தொடர்பும் விட்டிருக்கிறது. அதனால் ஒன்றின் கோளாறு எர்த் ஒயர் வழியாக எல்லாச் சாதனத்தின் உடம்புக்கும் பரவுகிறது. கீசரில் கசிந்தால் பிரிட்ஜில் ஷாக் அடிக்கும். மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் வரும் வரை குளியலறைக் குழாயைக்கூடத் தொட வேண்டாம். மழைக்காலத்தில் ஊறிய சுவரில் டெஸ்டர் எரிந்தாலும் இதேதான்.

மெயினை அணைத்த பிறகும் எரிகிறது

இன்வெர்ட்டர். மெயினை அணைத்தால் அது கரண்ட் போய்விட்டதாக நினைத்து உடனே தன் வேலையைத் தொடங்கிவிடும். பேட்டரியில் டெஸ்டர் எரியாது, 12 வோல்ட்டுக்கு நியான் பற்றாது. ஆனால் அதிலிருந்து வெளியே வருவது அதே 230 வோல்ட். இன்வெர்ட்டரையும் அணைத்து, அதன் வெளியீட்டு பிளக்கையோ எம்சிபியையோ துண்டித்த பிறகு மறுபடி டெஸ்டர் வையுங்கள். எந்த ஒயரையும் தொடும் முன் எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரால் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் நடுவில் அளந்து பார்ப்பார். டெஸ்டர் எரியாததை மட்டும் வைத்து அவர் கை வைத்தால் நீங்களே தடுத்துச் சொல்லுங்கள்.

யாரையாவது கரண்ட் பிடித்துவிட்டால்

இந்த நேரத்தில் டெஸ்டரைத் தேடாதீர்கள், அவரைக் கையால் இழுக்கவும் கூடாது. மெயின் கைக்கு எட்டினால் அதை அணையுங்கள். எட்டாவிட்டால் உலர்ந்த இடத்தில் நின்றுகொண்டு, காய்ந்த மரக் கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரை விலக்குங்கள். 108க்கு ஒருவர் பேசட்டும். மூச்சு இல்லை என்றால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, 5 முதல் 6 சென்டிமீட்டர் அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள், ஆம்புலன்ஸ் வரும் வரை. எழுந்து உட்கார்ந்து "எனக்கு ஒண்ணுமில்ல" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். இதயத் துடிப்பில் ஏற்பட்ட கோளாறு வெளியே தெரியாமலும் இருக்கலாம்.